பசி முடியும் நாள்: அயர்லாந்தின் லூனசாவும் இங்கிலாந்தின் லாமஸும்

ஆகஸ்ட் முதல் தேதி அயர்லாந்தின் வயல்களில் அறுப்பதற்கு அநேகமாக ஒன்றும் இருக்காது. ஓட்ஸ் பச்சை மாறாமல் நிற்கும். பார்லிக் கதிர் அப்போதுதான் பழுக்கத் தொடங்கியிருக்கும். மழை ஓயாத மேற்குக் கரையில் கோதுமை நன்றாக விளைவதே அரிது. அரிவாள் எடுக்க இன்னும் சில வாரங்கள் ஆகும். ஆனாலும் அந்த நாளைத்தான் அந்நாட்டு மக்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அறுவடைக் காலத்தின் தலைநாளாகக் கொண்டாடினார்கள். அதன் பெயர் லூனசா. கடலுக்கு அப்பால் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் அதே நாள் லாமஸ்.

அறுக்க ஒன்றுமில்லாத நாளில் அறுவடை விழா ஏன்? இந்த விழாவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் லூ என்ற சூரியத் தெய்வம், கெல்ட்டியரின் தொன்மை, மலையுச்சி நெருப்பு என்று தொடங்கி வளத்தின் கொண்டாட்டம் என்று முடித்துவிடுகிறார்கள். கிடைக்கும் சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. களஞ்சியம் நிறைந்த மகிழ்ச்சியில் இந்த விழா எடுக்கப்படவில்லை. பழைய தானியம் தீர்ந்து புதியது வராமல் இருக்கும் நாட்களுக்கு ஒரு முடிவு நாள் குறித்து, அந்த நாளுக்கு முன் புதியதில் கைவைக்கக் கூடாது என்று ஊரே கட்டுப்படும் ஏற்பாடு இது. யாழ்ப்பாணத்தில் புதிர் (புது நெல்) எடுப்பதற்கு நாள் பார்ப்பதைப் போன்ற ஏற்பாடுதான். ஆனால் அயர்லாந்தில் அந்த நாளுக்குப் பின்னால் இருந்த பசி மிகக் கொடியது.

நான்கு தலைநாட்கள்

பழைய அயர்லாந்தில் ஆண்டை நான்காகப் பகுத்திருந்தார்கள். நவம்பர் முதல் தேதி சவின், குளிர்காலத்தின் தொடக்கம். பிப்ரவரி முதல் தேதி இம்போல்க், ஆடுகள் பால் சுரக்கும் காலம். மே முதல் தேதி பெல்டனா, மாடுகளைக் கோடை மேய்ச்சலுக்கு ஓட்டும் காலம். ஆகஸ்ட் முதல் தேதி லூனசா. கதிரவன் உச்சம் கொள்ளும் நாளோ, பகலும் இரவும் சமமாகும் நாளோ இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை. மாடு, ஆடு, பயிர் ஆகியவற்றின் தேவைக்கேற்ப எழுந்த கணக்கு இது.

லூனசாவைப் பற்றிய பழைய விளக்கம் காஷெலின் அரசரும் ஆயருமான கோர்மாக் மாக் குலெனாய்னின் பெயரால் வழங்கும் சொல்லகராதியில் இருக்கிறது. அவர் இறந்தது 908இல். இலையுதிர் காலத் தொடக்கத்தில் எத்னேயின் மகனாகிய லூ நடத்திய விளையாட்டுக் கூட்டம் என்று அது சொல்கிறது. இந்த லூ யார் என்பதற்கு ஐரோப்பியப் பெருநிலத்திலும் தடயம் உண்டு. பிரான்சின் லியோன் நகருக்கு ரோமானியர் காலத்தில் லுக்டூனம் என்று பெயர். அந்நாளில் அங்கே வாழ்ந்த கால் (Gaul) மக்கள் எல்லாக் கலைகளையும் கண்டுபிடித்த ஒரு தெய்வத்தை முதன்மையாக வணங்கினார்கள் என்று ஜூலியஸ் சீசர் எழுதி, அதற்கு மெர்க்குரி என்ற ரோமப் பெயரைச் சூட்டினார். அயர்லாந்துக் கதைகளிலும் லூ எல்லாத் தொழிலிலும் வல்லவன்.

லியோனில் கி.மு. 12இல் டிரூசஸ் என்ற ரோமத் தளபதி, கால் நாட்டுக் குலங்களையெல்லாம் கூட்டி, ரோமுக்கும் அகஸ்டஸுக்கும் ஒரு பலிபீடம் எடுத்தார். அதன் விழா நாள் ஆகஸ்ட் முதல் தேதி. ரோமானியர் லூவின் நாளைத் தமதாக்கிக்கொண்டார்கள் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். கவர்ச்சியான முடிவுதான். ஆனால் கி.மு. 30இல் அகஸ்டஸ் அலெக்சாந்திரியாவைப் பிடித்ததும் அதே ஆகஸ்ட் முதல் தேதியில். ரோமானியருக்கு அந்த நாளைத் தேர்ந்தெடுக்கச் சொந்தக் காரணமே போதுமானதாக இருந்தது. எனவே லியோனை வைத்துக்கொண்டு ஐரோப்பா முழுவதும் ஒரே லூனசா கொண்டாடப்பட்டது என்று சொல்ல முடியாது. அயர்லாந்தில் நிற்பதே பாதுகாப்பு. அங்கே சான்று நிறைய இருக்கிறது.

அரசர்களின் கூட்டம்

அயர்லாந்தின் இடப்பெயர்க் கதைகளின்படி டால்டியு என்ற அரசி அடர்ந்த காட்டை வெட்டித் திருத்தி விளைநிலமாக்கினாள். அந்த உழைப்பே அவள் உயிரைக் குடித்தது. அவள் வளர்ப்பு மகன் லூ. தாயின் நினைவாக அவள் புதைக்கப்பட்ட இடத்தில் ஆண்டுதோறும் விளையாட்டுகள் நடத்த ஏற்பாடு செய்தான். மீத் மாவட்டத்தில் நேவனுக்கும் கெல்ஸுக்கும் இடையில் பிளாக்வாட்டர் ஆற்றங்கரையில் இன்று டெல்டவுன் என்று அழைக்கப்படும் இடம் அது. முதல் அறுவடை விழாவின் தோற்றக் கதை ஒரு சாவுச் சடங்காக இருப்பதைக் கவனிக்க வேண்டும். நிலத்தை விளைய வைத்தவள் செத்துப்போகிறாள். விளைச்சலை உண்பவர்கள் அவளுக்குக் கடன்பட்டவர்கள். அந்தக் கடனைத் தீர்க்காமல் உண்ணக் கூடாது.

டெல்டவுன் கூட்டத்தைத் தாராவின் அரசர் நடத்துவது வழக்கம். குதிரைப் பந்தயம், மற்போர், வழக்குத் தீர்ப்பு, வம்சாவளி ஓதுதல், சந்தை, திருமண ஒப்பந்தம் எல்லாம் அங்கே நடந்தன. பகை உள்ளவர்களும் ஆயுதம் எடுக்காமல் கூட வேண்டிய இடம் அது. கூட்டம் நடக்காமல் போன ஆண்டுகளைத் துறவிகள் தங்கள் ஆண்டுக் குறிப்புகளில் தனியாக எழுதிவைத்தார்கள். 873இல் தகுந்த காரணமின்றி அது நடக்கவில்லை என்று அல்ஸ்டர் குறிப்பேடு குறைப்பட்டுக்கொள்கிறது. கடைசிப் பெருங்கூட்டத்தை 1168இல் அரசர் ரூரி ஓ கானர் நடத்தினார். குதிரைகளும் வீரர்களும் ஒரு குன்றிலிருந்து மறு குன்று வரை பரவி நின்றதாகக் குறிப்பு இருக்கிறது. அடுத்த ஆண்டே நார்மானியர் வந்திறங்கினார்கள்.

லென்ஸ்டர் பகுதியில் கார்மன் என்ற இடத்திலும் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆகஸ்ட் முதல் வாரத்தில் கூட்டம் கூடியது. பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த லென்ஸ்டர் நூலில் உள்ள ஒரு நீண்ட பாடல் அதை விவரிக்கிறது. உணவுக்கு ஒரு சந்தை, கால்நடைக்கு ஒரு சந்தை, பொன்னும் உயர்ந்த துணியும் கொண்டுவரும் அயல்நாட்டாருக்கு ஒரு சந்தை. கூட்டத்தை முறையாக நடத்தினால் தானியமும் பாலும் மீனும் பெருகும் என்று அப்பாடல் உறுதி கூறுகிறது. நடத்தாவிட்டால் இளநரையும், அனுபவமற்ற அரசர்களும், சிதைவும் வந்து சேருமாம். விளைச்சல் அரசனின் பொறுப்பு. அதை உறுதி செய்யும் நாள் அறுவடைக்கு முன்னால்தான் வர முடியும். விளைந்த பிறகு உறுதிமொழிக்கு வேலையில்லை.

ஆண்டுக்கு ஒரு விளைச்சல் போதும்

லூவுக்கும் பயிருக்கும் உள்ள உறவை இன்னொரு கதை திறந்து காட்டுகிறது. மோய்டூரா போரின் கதையில் லூ தன் தாய்வழிப் பாட்டனான பாலோரைக் கவண்கல்லால் வீழ்த்துகிறான். பாலோரின் ஒற்றைக் கண் பட்டவர்கள் பொசுங்கிப்போவார்கள். போர் முடிந்ததும் தோற்ற பக்கத்து அரசன் பிரெஸ் பிடிபடுகிறான். உயிர்ப்பிச்சைக்கு அவன் பேரம் பேசும் இடம்தான் இங்கே முக்கியம்.

என்னைக் கொல்லாமல் விட்டால் அயர்லாந்தின் பசுக்கள் எந்நாளும் பால் கறக்கும்படி செய்கிறேன் என்கிறான் பிரெஸ். லூ அறிஞர் ஒருவரைக் கேட்கிறான். பசுவின் ஆயுளும் ஈற்றும் இவன் வசம் இல்லை, வேண்டாம் என்கிறார் அவர். அப்படியானால் ஆண்டுக்கு நான்கு அறுவடை தருகிறேன் என்கிறான். அதையும் அறிஞர் மறுக்கிறார். வசந்தம் உழவுக்கும் விதைப்புக்கும், கோடை கதிர் முற்றுவதற்கும், இலையுதிர் காலம் அறுப்பதற்கும், குளிர்காலம் உண்பதற்கும் என்று எங்களுக்கு ஏற்கெனவே ஓர் ஒழுங்கு இருக்கிறது, அது போதும் என்கிறார். கடைசியில் லூ கேட்பது ஒன்றே ஒன்று: எப்போது உழுவது, எப்போது விதைப்பது, எப்போது அறுப்பது? மூன்றுக்கும் செவ்வாய்க்கிழமை என்கிறான் பிரெஸ். அந்த அறிவுக்கு ஈடாக அவன் உயிர் தப்புகிறது.

பெருவளத்தை வரமாகக் கொடுத்தும் வேண்டாம் என்கிற கதை இது. லூ வென்றெடுப்பது தானியக் குவியலை அல்ல, காலக் கணக்கை. இந்தக் கதையின் உட்கூறுகள் ஒன்பதாம் நூற்றாண்டு அளவுக்குப் பழையவை என்று கருதுகிறார்கள். லூனசா ஏன் கதிர் பழுக்கும் முன்னரே வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உள்நாட்டு விளக்கம் கிடைப்பது அரிது.

இங்கிலாந்தின் முதல் ரொட்டி

இங்கிலாந்தில் தட்பவெப்பம் வேறு, பயிரும் வேறு. தெற்கிலும் கிழக்கிலும் கோதுமை ஆகஸ்ட் தொடக்கத்திலேயே அறுவடைக்கு வந்துவிடும். அங்கே ஆகஸ்ட் முதல் தேதிக்கு ஆங்கிலோ சாக்சன் மக்கள் வைத்த பெயர் ரொட்டித் திருப்பலி என்று பொருள்படும். அது தேய்ந்து லாமஸ் ஆனது. பழைய ஆங்கிலத்தில் எழுதப்பட்ட தியாகியர் வரலாறு அந்த நாளை ரொட்டி மந்திரிக்கும் நாள் என்றே குறிப்பிடுகிறது. புதுக் கோதுமை மாவில் சுட்ட ரொட்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரித்திருக்கிறார்கள். அந்த ரொட்டியின் மதிப்பு திருப்பலியோடு முடிந்துவிடவில்லை. லாமஸ் அன்று மந்திரித்த ரொட்டியில் நான்கு துண்டு எடுத்துக் களஞ்சியத்தின் நான்கு மூலையிலும் பொடித்துத் தூவ வேண்டும் என்று பதினொன்றாம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படி ஒன்று சொல்கிறது. இன்னும் நிரம்பாத களஞ்சியத்துக்கு முன்கூட்டியே போடும் காப்பு அது.

லாமஸ் வரை எப்படிக் காலம் தள்ளினார்கள் என்பதற்குப் பதினாலாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லியம் லாங்லாண்ட் எழுதிய 'பியர்ஸ் பிளவ்மன்' காவியத்தில் ஒரு பகுதி இருக்கிறது. பசி அங்கே ஓர் ஆளாகவே வந்து உட்கார்ந்துகொண்டு உணவு கேட்கிறது. உழவன் பியர்ஸிடம் கோழி இல்லை, வாத்து இல்லை, பன்றி இறைச்சி இல்லை. இரண்டு பச்சைப் பாலாடைக் கட்டி, கொஞ்சம் தயிர், ஓட்ஸ் அடை, அவரையும் தவிடும் கலந்து சுட்ட ரொட்டி, கொல்லையில் கீரை. இதை வைத்துக்கொண்டுதான் லாமஸ் வரை பிழைக்க வேண்டும், அதற்குள் வயல் விளைந்துவிடும் என்று நம்புகிறேன் என்கிறான். புது விளைச்சல் வந்த பிறகு பசிக்கு நல்ல சாப்பாடு போட்டுத் தூங்க வைக்கிறார்கள். நாட்காட்டியில் லாமஸ் என்ற நாள் ஏழை உழவனுக்கு எதைக் குறித்தது என்பதை வேறு எந்த ஆவணமும் இவ்வளவு நேராகச் சொல்வதில்லை.

நிலவுடைமையிலும் அந்த நாளுக்குச் சட்ட வலு இருந்தது. பண்ணைக் குடிகள் ஆண்டைக்குச் செய்ய வேண்டிய அறுவடை வேலை பல இடங்களில் லாமஸில் தொடங்கிச் செப்டம்பர் 29 வரை ஓடியது. உலர்தீவனப் புல் வளர்க்க அடைத்துவைத்த புல்வெளிகளை லாமஸ் அன்று திறந்து ஊர் மாடுகளை மேயவிட வேண்டும். இவற்றுக்கு லாமஸ் நிலங்கள் என்றே பெயர். லண்டனுக்குக் கிழக்கே லேட்டனில் ஒரு தண்ணீர் நிறுவனம் இப்படிப்பட்ட நிலத்தில் தண்டவாளம் போட்டபோது, 1892ஆம் ஆண்டு லாமஸ் நாளில் மக்கள் திரண்டு வந்து தங்கள் உரிமையை நிலைநாட்டினார்கள். ஸ்காட்லாந்தில் வாடகையும் கூலி ஒப்பந்தமும் கணக்குத் தீர்க்கும் நான்கு நாட்களில் லாமஸும் ஒன்று.

புதிய தானியத்தை உண்ணும் சடங்கு மிக விரிவாகப் பதிவாகியிருப்பது ஸ்காட்லாந்தின் மேற்கு மேட்டு நிலத்திலும் தீவுகளிலும். அலெக்சாண்டர் கார்மைக்கேல் 1900இல் வெளியிட்ட 'கார்மினா கடேலிகா' அதை விவரிக்கிறது. அங்கே கதிர் தாமதமாக முற்றுவதால் நாள் ஆகஸ்ட் 15, மாதாவின் விழாவுக்குத் தள்ளிப்போயிருந்தது. அதிகாலையில் வயலுக்குப் போய்ப் புதுக் கதிர்களைக் கையால் பறிப்பார்கள். பாறையில் வெயிலில் காயவைப்பார்கள். கையால் கசக்கி, உமி ஊதி, திரிகையில் அரைத்து, ஆட்டுத்தோலின் மேல் பிசைந்து, ரோவன் மர விறகின் அனலில் அடை சுடுவார்கள். குடும்பத் தலைவர் அதைப் பிட்டு மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வயது வரிசைப்படி கொடுப்பார். பிறகு எல்லாரும் பாடிக்கொண்டே நெருப்பை வலம் வருவார்கள். அரிவாளும் ஆலையும் தொடாத ஒரே ஓர் அடை. வயிறு நிரம்ப அது போதாது. யார் கையால், எந்த வரிசையில், எந்த நாளில் புதியதை உண்ணத் தொடங்குவது என்பதை ஆண்டுதோறும் அது உறுதிப்படுத்தியது.

மலையேறிய ஞாயிறு

அரசர்களின் கூட்டம் பன்னிரண்டாம் நூற்றாண்டோடு முடிந்தது. ஆனால் விழா சாகவில்லை. பெயரை உதிர்த்துவிட்டுக் குடியானவர்களிடம் போய்ச் சேர்ந்தது. அதைக் கண்டுபிடித்துத் தொகுத்தவர் மாய்ரா மக்நீல். அயர்லாந்து மொழியை வளர்க்க எழுந்த கேலிக் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஓன் மக்நீலின் மகள். 1935இல் அமைந்த அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையத்தில் வேலை பார்த்தவர். ஆணையம் 1942இல் ஜூலைக் கடைசி ஞாயிறு அன்று உங்கள் ஊரில் என்ன செய்வார்கள் என்று நாடெங்கும் கேள்வித்தாள் அனுப்பியது. வந்த பதில்களையும் பழைய நூல்களையும் இணைத்து அவர் எழுதிய 'லூனசா விழா' 1962இல் வெளியானது. எழுநூறு பக்க அளவில் மலை, ஏரி, ஊற்று என்று நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களின் வழக்கங்கள் அதில் இருக்கின்றன.

பதிலளித்தவர்களில் பெரும்பாலோர் லூ என்ற பெயரைச் சொல்லவில்லை. பூமாலை ஞாயிறு, பில்பெரி ஞாயிறு, மலை ஞாயிறு, குரோம் டுவ் ஞாயிறு என்று ஊருக்கு ஊர் வேறு பெயர் வழங்கியது. செய்தது மட்டும் ஒன்று போலவே இருந்தது. ஜூலைக் கடைசி ஞாயிறோ ஆகஸ்ட் முதல் ஞாயிறோ ஊர் இளைஞர்கள் பக்கத்துக் குன்றில் ஏறுவார்கள். அங்கே புதர்களில் காட்டுப் பழமான பில்பெரி கருநீலமாகப் பழுத்திருக்கும். பறித்துத் தின்பதும், ஆடுவதும், பாடுவதும், ஆண்களுக்குள் பலப்பரீட்சையும், பெண் பார்ப்பதும் அன்று முழுக்க நடக்கும். டொனகால் மாவட்டத்தில் ஒரு குன்றில் இளைஞர்கள் பில்பெரிகளைக் கோத்துப் பெண்களுக்குக் கைவளை செய்து கொடுப்பார்கள். இறங்கும்போது பெண்கள் அவற்றைக் கழற்றி மலையிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். பழம் நிறையக் காய்த்திருந்தால் வயலும் நன்றாக விளையும் என்று கணித்தார்கள். மனிதன் விதைக்காமல் பழுத்த முதல் கனி விதைத்ததற்கு முன்னறிவிப்பு ஆனது.

டெல்டவுனிலும் கூட்டத்தின் ஒரு துணுக்கு எஞ்சியிருந்தது. 1836இல் நில அளவைப் பணிக்காக அங்கே போன அறிஞர் ஜான் ஓ டோனவன், ஓராண்டுக்கு மட்டும் கட்டுப்படுத்தும் பழைய திருமண முறை பற்றி ஊரார் சொன்னதை எழுதிவைத்தார். ஒத்துவராவிட்டால் இருவரும் ஆண்டு முடிவில் அதே இடத்துக்கு வந்து முதுகோடு முதுகு ஒட்டி நின்று, ஒருவர் வடக்கேயும் ஒருவர் தெற்கேயும் நடந்துபோனால் உறவு முறிந்தது.

கிறித்தவம் இந்த மலைகளை அழிக்காமல் எடுத்துக்கொண்டது. மேயோ மாவட்டத்தில் 764 மீட்டர் உயரமுள்ள குரோ பேட்ரிக் மலையில் புனித பேட்ரிக் நாற்பது நாள் நோன்பிருந்தார் என்பது மரபு. ஜூலைக் கடைசி ஞாயிறன்று இன்றும் ஆயிரக்கணக்கானோர் அந்தச் சரளை மலையில் ஏறுகிறார்கள். சிலர் வெறுங்காலோடு. அதே மாவட்டக் கடற்கரையில் பேட்ரிக்கை எதிர்த்த குரோம் டுவ் என்ற பழைய மதத் தலைவன் நின்ற நிலத்துண்டு பிளந்து கடலில் தனியே நின்றுவிட்டதாகக் கதை. இன்னொரு கதையில் குரோம் டுவ் பேட்ரிக்குக்கு மாட்டிறைச்சி அனுப்புகிறான். ஒவ்வொரு முறையும் இறைவனுக்கு நன்றி என்ற பதில் மட்டுமே வருகிறது. கோபத்தோடு வந்தவன் முன் அந்த வார்த்தைகளை எழுதித் தராசில் வைக்க, இறைச்சியைவிட எழுத்து கனக்கிறது. மக்நீல் இந்தக் கதைகளுக்கு அடியில் ஒரே அமைப்பைக் கண்டார். நிலத்துக்கும் தானியத்துக்கும் சொந்தக்காரனாகக் கருமையான ஒருவன் இருக்கிறான். வெளியிலிருந்து வரும் வலியவன் அவனிடமிருந்து மக்களுக்காக விளைச்சலைப் பெறுகிறான். முன்பு பாலோரும் லூவும், பின்பு குரோம் டுவும் பேட்ரிக்கும். எல்லா ஊர்க் கதைகளும் இதற்குள் அடங்குமா என்ற ஐயம் பிற்கால ஆய்வாளர்களுக்கு உண்டு. ஆனால் தானியம் இன்னும் நம்முடையதாகவில்லை என்ற உணர்வு அத்தனை கதைகளிலும் இருக்கிறது.

முதல் கிழங்கு

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவிலிருந்து உருளைக்கிழங்கு வந்தது. அடுத்த இருநூறு ஆண்டுகளில் அது அயர்லாந்து ஏழைகளின் ஒரே உணவானது. 1841 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 81 லட்சத்துக்கு மேல். அதில் சுமார் 30 லட்சம் பேர் கிழங்கை மட்டுமே நம்பியிருந்தார்கள். உழைக்கும் ஓர் ஆண் நாளொன்றுக்கு ஐந்து, ஆறு கிலோ கிழங்கு தின்றான். தானியத்தைப் போலக் கிழங்கை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்க முடியாது. ஏழைகள் பெரிதும் பயிரிட்ட லம்பர் என்ற ரகம் கோடை வந்தாலே கெடத் தொடங்கிவிடும். எனவே ஜூன், ஜூலை மாதங்களில் பழைய கிழங்கும் இல்லை, புதியதும் இல்லை. ஜூலைக்கே பசி ஜூலை என்றும் முட்டைக்கோஸ் ஜூலை என்றும் பெயர் வந்தது. ஆண்கள் அறுவடைக் கூலிக்கு ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறினார்கள். பெண்களும் பிள்ளைகளும் கதவைப் பூட்டிவிட்டுத் தங்களைத் தெரியாத ஊர்களில் பிச்சைக்குப் போனார்கள்.

விழா புதுப் பயிரைப் பழைய நாளுக்குள் ஏற்றுக்கொண்டது. பூமாலை ஞாயிறுக்கு முன் கிழங்கு தோண்டக் கூடாது. பசி தாங்காமல் தோண்டியவன் நிலத்தைக் கவனிக்கத் தெரியாதவன் என்று ஏளனத்துக்கு ஆளானான். அதேபோல அந்த ஞாயிறன்று மனைவி மக்களுக்குப் புதுக்கிழங்கு போட முடியாதவனும் கையாலாகாதவன். அன்று கிழங்கை வேகவைத்து மசித்துப் பாலும் வெண்ணெயும் முட்டைக்கோஸும் சேர்த்துப் பரிமாறுவார்கள். முடிந்தவர்கள் மீனோ பன்றி இறைச்சியோ சேர்ப்பார்கள். இந்த விலக்கு வெறும் மூடநம்பிக்கை இல்லை. ஜூலை நடுவில் தோண்டினால் கிடைப்பது கோலிக்குண்டு அளவுக் கிழங்கு. இரண்டு வாரம் பொறுத்தால் அதே செடி பல மடங்கு தரும். பசித்த ஒரு வீட்டால் தனியாக அந்த இரண்டு வாரம் பொறுக்க முடியாது. ஊரே பொறுக்கிறது, தோண்டினால் மானம் போகும் என்ற நிலை இருந்தால் முடியும். பெருவிளைச்சலை மறுத்துக் காலக் கணக்கைக் கேட்டு வாங்கிய லூவின் கதையும், கிழங்குப் பாத்தியில் மண்வெட்டியைத் தடுத்த ஊர்க்கட்டுப்பாடும் ஒரே அறிவின் இரு வடிவங்கள்.

அந்த அறிவுக்கு எட்டாத ஒன்று 1845இல் வந்தது. கருகல் நோயை உண்டாக்கும் நுண்பூஞ்சை போன்ற கிருமி அந்த ஆண்டு விளைச்சலில் ஒரு பகுதியை அழித்தது. அடுத்த ஆண்டு நடந்ததைத் தேதிகளோடு பார்க்க வேண்டும். மதுவிலக்கு இயக்கத்தை நடத்திய பாதிரியார் தியோபால்ட் மாத்யூ, லண்டன் நிதித்துறை அதிகாரி சார்ல்ஸ் டிரெவெல்யனுக்கு ஆகஸ்ட் 7 அன்று எழுதிய கடிதம் புகழ்பெற்றது. ஜூலை 27 அன்று கார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போனபோது வழியெங்கும் செடிகள் பூத்துக் குலுங்கியதைப் பார்த்தார். ஆகஸ்ட் 3 அன்று திரும்பும்போது அவ்வளவும் அழுகிக் கிடந்தது. மக்கள் வேலியோரம் உட்கார்ந்து கைபிசைந்து அழுதுகொண்டிருந்தார்கள்.

1846இல் ஜூலை 26 ஞாயிற்றுக்கிழமை. அது அந்த மாதத்தின் கடைசி ஞாயிறு. ஆகஸ்ட் 2 அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு. பாதிரியார் போனது ஒரு பூமாலை ஞாயிறுக்கு மறுநாள். திரும்பியது மற்றதற்கு மறுநாள். முதல் கிழங்கு தோண்டிப் பசி முடிந்தது என்று சொல்ல வேண்டிய அதே வாரத்தில் வயல்கள் கருகின. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் செத்தார்கள். அதற்குக் குறையாத எண்ணிக்கையில் மக்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். 1851 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 66 லட்சத்துக்கும் குறைவு. மலையேறி ஆட வேண்டிய இளைஞர்கள் புறப்பட்டுப்போன ஊர்களில் வழக்கங்கள் மெல்ல மங்கின. குடியும் அடிதடியும் பெருகியதென்று குருமார்கள் முன்பே மலைக் கூட்டங்களைக் கண்டித்து வந்தார்கள்.

எஞ்சியதும் மீட்கப்பட்டதும்

இங்கிலாந்தில் விழா வேறு விதமாக இடம்பெயர்ந்தது. 1843இல் கார்ன்வால் மாவட்டத்தின் மோர்வென்ஸ்டோ ஊர்க் குருவான ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர், பழைய லாமஸ் ரொட்டி வழக்கத்தை எடுத்துக்காட்டி, புதுத் தானிய ரொட்டியோடு நன்றி வழிபாடு நடத்த ஊராரை அழைத்தார். ஆனால் அவர் குறித்தது அக்டோபர் மாதத்து முதல் ஞாயிறு. அந்த வழிபாடு நாடெங்கும் பரவி இன்றைய அறுவடை நன்றி விழாவானது. இரண்டு மாதத் தள்ளிவைப்பு சிறிய விஷயம் போலத் தோன்றும். அறுவடைக்கு முன் நடந்த விழாவில் அச்சமும் விலக்கும் உறுதிமொழியும் இருந்தன. அறுவடைக்குப் பின் நடக்கும் விழாவில் நன்றி மட்டும் போதும். ரயிலும் இறக்குமதித் தானியமும் வந்த நாட்டில் கோடைக்காலப் பசியை நாட்காட்டி நினைவில் வைக்க வேண்டிய தேவை குறைந்தது. கொண்டாட்டம் தானாகவே நிறைந்த களஞ்சியத்தின் பக்கம் நகர்ந்தது.

சந்தைகள் தாக்குப்பிடித்தன. 1752இல் நாட்காட்டியைத் திருத்தியபோது பதினொரு நாட்கள் கழிக்கப்பட்டதால் பழைய லாமஸ் ஆகஸ்ட் 12க்கு நகர்ந்தது. கெரி மாவட்டம் கில்லார்கிளினில் ஆகஸ்ட் 10 முதல் 12 வரை நடக்கும் பக் சந்தையில் காட்டு ஆட்டுக்கடா ஒன்றைப் பிடித்துவந்து ஒரு சிறுமி கையால் முடிசூட்டி மேடையேற்றுகிறார்கள். ஆன்ட்ரிம் மாவட்டத்தின் பாலிகாசில் நகரில் ஆகஸ்ட் இறுதியில் லாமஸ் சந்தை கூடுகிறது. அயர்லாந்தில் ஆகஸ்ட் முதல் திங்கள் அரசு விடுமுறை.

மீட்கும் முயற்சிகளும் நடந்தன. விடுதலை பெற்ற அயர்லாந்து அரசு 1924, 1928, 1932 ஆகிய ஆண்டுகளில் டப்ளினில் டால்டியு விளையாட்டுகளைப் பெருஞ்செலவில் நடத்தி, பிறகு கைவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ஜெரால்டு கார்ட்னர் வழிவந்த புதுப் பேகன் இயக்கத்தார் லூனசாவைத் தங்கள் எட்டு விழாக்களில் ஒன்றாக்கிக்கொண்டார்கள். 1990இல் பிரையன் ஃப்ரியலின் 'டான்சிங் அட் லூனசா' நாடகம் அப்பெயரை உலக மேடைகளுக்குக் கொண்டுபோனது. அரசு எடுத்தது அரசர்களின் பந்தயத்தை. புதுச் சமயத்தார் எடுத்தது தெய்வத்தின் பெயரை. இவை இரண்டும் விழாவின் மேல்பகுதிகள்.

ஆயிரம் ஆண்டுகளில் இந்த விழா அரசரை இழந்தது, தெய்வத்தை இழந்தது, மதத்தை மாற்றியது, தானியத்தை விட்டுக் கிழங்குக்குப் போனது. ஓட்ஸ், கோதுமை, பில்பெரி, உருளைக்கிழங்கு என்று கையில் இருந்தது மாறிக்கொண்டே இருந்தது. மாறாமல் நின்றவை இரண்டு: ஜூலைப் பசி, ஆகஸ்ட் வரை பொறுக்க வேண்டும் என்ற ஊர்க்கட்டுப்பாடு. அந்தப் பசி இருந்தவரை விழாவை யாரும் காப்பாற்ற வேண்டியிருக்கவில்லை. பசி போன பிறகு அரசின் பணத்தாலும் அதைக் காப்பாற்ற முடியவில்லை. எனவே முதல் அறுவடை விழா எதுவாயினும் அதன் தெய்வம் யார் என்று கேட்பதற்கு முன், அதற்கு முந்தைய மாதத்தில் அந்த ஊர் மக்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்பது நல்லது.